பழைய புல்லட் எஞ்சின்: முதன்முறையாக லேத் பக்கம் போகிறவர்களுக்கு

எஞ்சினைப் பிரித்ததும் எல்லோருக்கும் கை பரபரக்கும். பிளாக் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிற சிலிண்டர்) தேய்ந்திருக்கிறது என்று தெரிந்த அன்றே அதைப் போரிங் கடையில் கொடுத்துவிட்டு, அப்புறம் பிஸ்டன் தேடிக் கிளம்புவார்கள். ஒரு மாதம் அலைந்து கிடைக்கிற பிஸ்டன், அடித்து வைத்த போருக்கு, அதாவது சிலிண்டர் துளைக்கு, பொருந்தாது. வெட்டிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட வழியில்லை. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரு விதியைப் பிடித்துக்கொண்டுதான் போகும்: ஒரு பாகத்தைக் கடைவதற்கு முன்னால், அது எதோடு சேர்ந்து ஓடப்போகிறதோ அந்த ஜோடிப் பாகம் உங்கள் கையில் இருக்க வேண்டும், அதை அளந்தும் முடித்திருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது வார்ப்பிரும்புப் பிளாக் கொண்ட பழைய 350 சிசி புல்லட். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. வண்டிகள் திருவொற்றியூரில் உருவாயின. போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 90 மி.மீ., கணக்குப் போட்டால் 346 சிசி. கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான எஞ்சின் கிடைப்பது அரிது. பாகங்கள் பெரியவை, ஒரே சிலிண்டர், கியர்பாக்ஸ் தனி, உதிரிப்பாகங்கள் சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் இன்னும் புழங்குகின்றன. ஜாவா, யெஸ்டி, பி.எஸ்.ஏ. வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான், அளவுகள் மட்டும் மாறும்.

சொந்தமாக லேத் இருந்தால்தான் இதில் இறங்க வேண்டும் என்றில்லை. அளப்பது உங்கள் வேலை. கடைவதில் பாதியைப் பட்டறையில் கொடுத்துச் செய்யலாம். ஆனால் என்ன அளவுக்குக் கடைய வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். "பார்த்துப் போட்டுக் கொடுங்க அண்ணா" என்று சொல்லிவிட்டு வந்தால் அவருக்குப் பழகிய அளவில்தான் போடுவார். அது நேற்றுப் புதிதாக வந்த வண்டிக்குச் சரியான அளவாக இருக்கலாம், உங்களுடையதற்கு இருக்காது.

முதலில் அளவுக் கருவிகள்

0–25 மி.மீ. மைக்ரோமீட்டர் ஒன்று, பிஸ்டனுக்கு 50–75 மி.மீ. ஒன்று (மூல அளவைவிடப் பெரிதாகச் செய்த ஓவர்சைஸ் பிஸ்டனும் இதற்குள்தான் வரும்), துளையின் விட்டம் அளக்கப் போர் டயல் கேஜ், காந்த ஸ்டாண்டோடு ஒரு டயல் கேஜ், இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகளான பீலர் கேஜ், மரையின் புரி பார்க்க மரை கேஜ். காசு குறைவாக இருந்தால் லேத்தைத் தள்ளிப்போடுங்கள், இவற்றில் கைவைக்காதீர்கள். வெர்னியர் காலிப்பர் எல்லோரிடமும் இருக்கும். பாகம் சுமாராக எவ்வளவு பெரியது என்று பார்க்க அது போதும். பிஸ்டன் இடைவெளியை அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. நாம் தேடுகிற வித்தியாசம் 0.01 மி.மீ. அளவில் இருக்கும், வெர்னியரைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே அதைவிட அதிகமாகத் தப்பும்.

அலகு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் ஊர்ப் பட்டறைகளில் மில்லிமீட்டரும் தௌவும் கலந்து புழங்கும். தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.025 மி.மீ. "பத்து எடுத்துடவா?" என்று லேத்காரர் கேட்டால், அது பத்து தௌவா, மில்லிமீட்டரில் 0.10-ஆ என்று தெரியாமல் தலையாட்டாதீர்கள். இரண்டுக்கும் இரண்டரை மடங்கு வித்தியாசம். ஒரு தாளில் படம் வரைந்து, அளவையும் அலகையும் எழுதிக் கொடுங்கள். அழகாக வரையத் தெரிய வேண்டியதில்லை, எண்கள் தெளிவாக இருந்தால் போதும்.

இன்னொன்று, வெயில். அளவுகள் எல்லாம் 20 டிகிரி வெப்பத்துக்கு என்று வைத்துத்தான் உலகம் முழுக்க வேலை நடக்கிறது. சித்திரை மாதத்துச் சென்னையில் 38 டிகிரியில் அளந்தால், 70 மி.மீ. பிஸ்டன் சுமார் 0.025 பெருத்துக் காட்டும், வார்ப்பிரும்பு 0.014. ஏசி அறை கட்ட வேண்டாம். பிளாக், பிஸ்டன், மைக்ரோமீட்டர் மூன்றையும் ஓர் இரவு ஒரே மேசையில் வைத்துவிட்டுக் காலையில் அளந்தால் பெரும்பகுதி சரியாகிவிடும். போரிங் மெஷினிலிருந்து அப்போதுதான் இறங்கிய பிளாக்கைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். அப்போது எடுத்த அளவை எழுதி வைக்காதீர்கள்.

பிரிப்பதும் அளப்பதும்

பிரிக்கும்போது ஒவ்வொரு நட்டும் எங்கிருந்து வந்தது என்று குறித்துப் பொட்டலம் கட்டுவது யாரும் சொல்லித் தர வேண்டிய விஷயமில்லை. இந்த எஞ்சினுக்கே உரிய ஒன்றைச் சொல்கிறேன்: டைமிங் பக்கம் கிராங்கின் முனையில் ஆயில் பம்பை ஓட்டுகிற புழுப்பல் நட்டுக்கு இடது மரை. அது தெரியாமல் நீளப் பைப்பு போட்டு வழக்கமான திசையில் திருகினால் இன்னும் இறுகும், கடைசியில் மரை பிடுங்கிக்கொண்டு வரும். தேய்ந்துபோன பழைய பாகம் எதையும் வேலை முடிகிறவரை தூக்கிப் போடாதீர்கள். பல சமயம் மூல அளவு தேயாமல் மிஞ்சியிருப்பது அதன் ஏதாவது ஒரு மூலையில்தான்.

பிளாக்கை அளக்கும் முறை இது. மேல் ரிங் நிற்கும் இடம், நடு, அடி என்று மூன்று ஆழங்களில், ஒவ்வொன்றிலும் வண்டியின் முன்–பின் திசையில் ஒன்று, குறுக்கே ஒன்று. ஆறு அளவுகள். தேய்மானம் மேலேதான் அதிகமாக இருக்கும். அங்கே சூடும் அழுத்தமும் அதிகம், ஆயில் குறைவு. முன்–பின் திசையில் இன்னும் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் சாய்ந்து நிற்கிற கனெக்டிங் ராடு பிஸ்டனை அந்தப் பக்கச் சுவரில்தான் தள்ளுகிறது. ரிங் போகாத அடிப்பகுதியில் ஏறக்குறைய பழைய அளவே இருக்கும்.

ஒரு பிளாக்கில் மேலே முன்–பின் 70.21, குறுக்கே 70.14, அடியில் 70.03 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். முதல்முறை பார்க்கிறவர், "70.21 தானே, 0.25 ஓவர்சைஸ் போட்டால் முடிந்தது" என்பார். இங்கேதான் சிக்கல். தேய்மானம் இரண்டு பக்கமும் சமமாக நடப்பதில்லை. அடியில் இருக்கிற பழைய மையத்திலிருந்து பார்த்தால், அந்தக் கூடுதல் 0.2 கிட்டத்தட்ட முழுக்கவும் ஒரே பக்கச் சுவரில் இருக்கலாம். பழைய மையத்தை மாற்றாமல் அந்தப் பள்ளத்தைத் துடைக்க விட்டத்தில் 0.4 வரை எடுக்க வேண்டிவரும். ஆகவே 0.50 ஓவர்சைஸ்தான் சரி. 0.25-இல் அடித்துவிட்டு ஒரு பக்கம் கறுப்புத் திட்டு போகாமல் நிற்பதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைவிட இந்தக் கணக்கை முன்னமே போடுவது மேல்.

1.00 மி.மீ. ஓவர்சைஸையும் தாண்டித் தேய்ந்திருந்தால் புது லைனர் (போருக்குள் பொருத்தும் உள்குழாய்) இறக்கிப் பழைய 70 மி.மீ.-க்கே திரும்பலாம்.

போரிங்: நீங்களே செய்ய வேண்டாம்

வீட்டில் சின்ன லேத் வைத்திருப்பவர்களுக்கு இது கசக்கும். புல்லட் பிளாக் நீளமானது. அதற்குள் முழுக்கப் போகிற போரிங் பாரை நீட்டிப் பிடித்தால் அது வளையும். நீட்டம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். மேலே ஒரு அளவு, அடியில் வேறொரு அளவு என்று புனல் மாதிரிதான் வரும். செங்குத்துப் போரிங் மெஷின் உள்ள கடைக்குக் கொண்டு போங்கள். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ தேடினால் இன்றும் இதை நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பிளாக்கை எந்த முகத்தில் உட்கார வைத்துப் பிடிப்பீர்கள்? கிராங்க்கேஸில் உட்காரும் அடிமுகத்தில் என்று பதில் வந்தால் நல்ல கடை. மேல்முகம் கோணியிருக்கலாம், அதை நம்பிப் பிடித்தால் போர் சாய்ந்துவிடும், பிஸ்டன் ஒரு பக்கமாக உரசி ஓடும்.

இப்போது அளவு. பிஸ்டன் வாங்கியாகிவிட்டது, கையில் இருக்கிறது. தலையில் 0.50 என்று அடித்திருக்கும். அதனால் போர் 70.50 என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பிஸ்டனின் பாவாடைப் பகுதியின் அடியில், பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கிற கட்ஜன் பின்னுக்குச் செங்குத்தான திசையில் மைக்ரோமீட்டரை வைத்து அளங்கள். பிஸ்டன் சரியான வட்டமாக இருக்காது. வேண்டுமென்றே முட்டை வடிவத்தில், மேலே ஒடுங்கி, கீழே அகன்று செய்திருப்பார்கள். அளவு எடுக்கும் இடம் மாறினால் எண்ணும் மாறும். அங்கே 70.42 வருகிறது என்றால், அதோடு இடைவெளியைக் கூட்ட வேண்டும்.

வார்ப்பிரும்புப் பிளாக்கில் ஓடும் வார்ப்பு அலுமினிய பிஸ்டனுக்குப் பழைய கணக்கு, போர் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு தௌ. 70 மி.மீ. என்பது இரண்டே முக்கால் அங்குலம், ஆகவே மூன்று தௌவுக்குக் கொஞ்சம் குறைவு, 0.07 முதல் 0.075 மி.மீ. காரணம் இல்லாமல் வந்த கணக்கு இல்லை இது. சிலிக்கான் கலந்த அலுமினியம் நூறு டிகிரி சூடேறினால் 70 மி.மீ.-க்குச் சுமார் 0.14 பெருக்கும், வார்ப்பிரும்பு 0.08 தான் பெருக்கும். வித்தியாசம் 0.06. அதற்கு மேல் ஆயில் படலத்துக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். புது வண்டிகளின் பிஸ்டனுக்கு இன்னும் குறைவாக விட்டுப் பழகிய கடைக்காரர் "இவ்வளவு லூசா?" என்று கேட்பார். காற்றில் குளிர்கிற பழைய எஞ்சினில் இடைவெளியைக் குறைத்தால் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டியதும் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பிஸ்டனோடு வந்த தாளில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். செய்தவருக்குத்தான் அவர் உலோகம் தெரியும்.

ஆக நம் உதாரணத்தில் இறுதி அளவு 70.49 முதல் 70.495. போரிங்கை 70.45-இல் நிறுத்தச் சொல்லி, மிச்சத்தைச் சாணைக்கல்லால் தேய்க்கிற ஹோனிங்கில் எடுக்க வேண்டும். ஹோனிங் கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் பின்னல் போல நிற்க வேண்டும். ஆயில் தங்குவதும் ரிங் படிவதும் அந்தக் கோடுகளால்தான். கண்ணாடி மாதிரி பளபளப்பாக வேண்டும் என்று கேட்காதீர்கள். போரின் அடி விளிம்பை லேசாகச் சாய்த்துவிடச் சொல்லுங்கள், ரிங் இறங்கும்போது உடையாது.

ரிங்கைப் போருக்குள் தனியாக வைத்து, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கி, வாய் இடைவெளியைப் பீலர் கேஜால் பாருங்கள். 0.25 முதல் 0.30 வரை இருக்கலாம். குறைவாக இருந்தால் மெல்லிய அரத்தால், வெளியிலிருந்து உள்நோக்கி மட்டும் ராவ வேண்டும். போர் விட்டம் 0.10 கூடினால் ரிங் வாய் 0.31 கூடும், அதனால் ரிங் வாய் எதிர்பார்த்ததைவிட அகலமாக இருந்தால், போர் அளவை இன்னொரு தடவை சரிபாருங்கள்.

லேத்தில் உங்கள் முதல் வேலை

எஞ்சின் பாகத்தில் கைவைக்கும் முன்னால், அதைக் கழற்றவும் மாட்டவும் வேண்டிய கருவிகளைக் கடையுங்கள். வால்வுத் தண்டு ஏறி இறங்குகிற குழாயான வால்வு கைடை அடித்து இறக்குகிற படிக்கட்டுத் தண்டு ஒன்று. மூக்குப் பகுதி கைடின் துளைக்குள் தளர்வாக நுழைய வேண்டும், தோள்பட்டை கைடின் வெளிவிட்டத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். மைல்டு ஸ்டீல் போதும். இதில் 0.1 தப்பினாலும் ஒன்றும் குடிமுழுகாது, ஆனால் சக்கில் பிடிப்பது, முகம் எடுப்பது, படி கடைவது எல்லாம் கைக்கு வந்துவிடும். லேத் முன்னால் நிற்கும்போது கையுறை வேண்டாம், தொளதொள சட்டையும் துண்டும் வேண்டாம், கண்ணாடி கட்டாயம். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போடுகிற பழக்கம் ஒருநாளும் வரக் கூடாது.

வேகத்துக்கு ஒரு சின்னக் கணக்கு: வெட்டும் வேகத்தை நிமிடத்துக்கு மீட்டரில் எடுத்து ஆயிரத்தால் பெருக்கி, விட்டத்தாலும் 3.14-ஆலும் வகுத்தால் சுற்று எண்ணிக்கை வரும். ஹைஸ்பீட் ஸ்டீல் டூலுக்கு வார்ப்பிரும்பில் 22 மீட்டர் நியாயமானது, 70 மி.மீ. விட்டத்துக்கு நிமிடத்துக்கு 100 சுற்று. பாஸ்பர் பிரான்ஸில் 40 மீட்டர் வைக்கலாம், 25 மி.மீ. கம்பிக்குச் சுமார் 500 சுற்று. வார்ப்பிரும்பை ஆயில், தண்ணீர் எதுவும் விடாமல் உலர்வாகத்தான் கடைய வேண்டும். கறுப்புத் தூள் பறக்கும், அது மூக்குக்கும் லேத் படுக்கைக்கும் ஆகாது. முகமூடி போட்டுக்கொண்டு, படுக்கையைத் துணியால் மூடிவிட்டு, முடிந்ததும் உடனே துடையுங்கள்.

ஸ்மால் எண்ட் புஷ்

கனெக்டிங் ராடின் மேல்முனைக் கண்ணில், கட்ஜன் பின்னைச் சுற்றி நிற்கிற வளையம் இது. வீட்டு லேத்தில் நன்றாக வரும் வேலை. கற்றுக்கொள்ள வேண்டிய எல்லாமே இந்தச் சின்ன வளையத்தில் அடங்கியிருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கடைக்குப் போய் "பாஸ்பர் பிரான்ஸ் ராடு" என்று கேட்டு வாங்குங்கள். பித்தளையும் கன்மெட்டலும் பார்க்க ஏறக்குறைய அதே நிறம்தான். பித்தளை இந்த இடத்தில் தாங்காது.

முதலில் கட்ஜன் பின். புதுப் பிஸ்டனோடு வந்த பின்னையே அளக்க வேண்டும். அது 19.05 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பழைய புஷ்ஷை எடுத்த பிறகு கனெக்டிங் ராடின் கண்ணை அளங்கள், 22.20 என்று கொள்வோம். புஷ் இறுகி நிற்க வெளிவிட்டம் 0.04 கூடுதலாக, 22.24 வேண்டும். உள்விட்டத்தில்தான் புதியவர்கள் ஏமாறுவார்கள். புஷ்ஷை அழுத்தி ஏற்றியதும் அது சுருங்கும், உள்துளையும் கூடவே சுருங்கும். பின்னுக்குச் சரியாக 19.06 கடைந்து வைத்து ஏற்றினால் பின் உள்ளே நுழையாது. அதனால் 18.90-இல் நிறுத்துங்கள். இறுதி அளவை ஏற்றிய பிறகுதான் எடுக்க வேண்டும்.

25 மி.மீ. கம்பியை மூன்று தாடை சக்கில் பிடித்து, முகம் எடுத்து, சென்டர் டிரில் போட்டு, 17.5-இல் துளையிடுங்கள். டிரில் பிட்டின் வெட்டு விளிம்பைச் சாணையில் லேசாகத் தட்டையாக்கிக்கொண்டால் பிரான்ஸுக்குள் பிடித்து இழுக்காது. டூலுக்கும் அப்படியே: மேல்சரிவு பூஜ்யமாக, தட்டையாக இருக்கட்டும். இரும்புக்குத் தீட்டிய சரிவான டூல் பிரான்ஸில் திடீரென்று கடித்துக்கொள்ளும்.

துளையைப் போரிங் டூலால் 18.90-க்குக் கொண்டுவந்துவிட்டு, கம்பியைச் சக்கிலிருந்து கழற்றாமல் அதே பிடியில் வெளிவிட்டத்தையும் கடையுங்கள். கழற்றி மாட்டினால் உள்வட்டமும் வெளிவட்டமும் ஒரே மையத்தில் இருக்காது. கடைசி இரண்டு வெட்டும் ஒரே ஆழத்தில் இருக்கட்டும். முதல் வெட்டுக்குப் பிறகு அளந்து பார்த்தால், அடுத்ததற்கு டூல் எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்று தெரிந்துவிடும். அளக்கும்முன் ஆற விடுங்கள், பிரான்ஸ் சீக்கிரம் சூடேறும். ஒரு முனையில் நுழைவதற்குச் சின்னச் சாய்வு கொடுத்துவிட்டு வெட்டி எடுங்கள்.

ஏற்றுவதற்குச் சுத்தியல் வேண்டாம். நீளப் போல்ட், கனமான வாஷர்கள், மறுபக்கம் ஒரு சாக்கெட். நட்டை இறுக்க இறுக்கப் புஷ் நேராக இழுபட்டு உள்ளே போகும். ராடு கிராங்கிலேயே இருந்தால், கிராங்க்கேஸின் வாயைத் துணியால் நன்றாக அடைத்துவிட்டுச் செய்யுங்கள். ஏறிய பிறகு, ராடில் ஏற்கெனவே இருக்கிற ஆயில் துளை வழியாகப் புஷ்ஷிலும் துளையிட்டுப் பிசிறெடுங்கள். கடைசியாக, சரிசெய்யும் ரீமரால் (துளையை நுணுக்கமாகப் பெரிதாக்கும் கருவி) கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து 19.06-க்குக் கொண்டுவாருங்கள். பின்னில் ஆயில் தடவினால் கட்டைவிரல் அழுத்தத்தில் வழுக்கிப் போக வேண்டும், ஆனால் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது.

முடிந்ததும் ஒரு நீளமான நேர்க்கம்பியைக் கண்ணுக்குள் செருகி, அதன் இரு முனைகளுக்கும் கிராங்க்கேஸ் முகத்துக்கும் உள்ள உயரத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லையென்றால் ராடு வளைந்திருக்கிறது, அல்லது ரீமர் சாய்ந்திருக்கிறது.

ஹெட்

ஹெட் அலுமினியம். கைடை எடுக்கும்முன் அடுப்பிலோ ஓவனிலோ சீராகச் சுமார் 150 டிகிரிக்குச் சூடாக்குங்கள். ஒரே இடத்தில் நெருப்பு காட்டினால் கோணிக்கொள்ளும். குளிர்ந்த ஹெட்டில் அடித்தால் கைடு அலுமினியத்தைச் சுரண்டிக்கொண்டே வரும், துளை கெட்டுவிடும். சூடாக இருக்கும்போது படிக்கட்டுத் தண்டை வைத்து ஒரே சீராக அடித்தால் நழுவி வந்துவிடும். வெளியே வந்த பிறகு ஹெட்டின் துளையை அளந்து, அதைவிட 0.04 முதல் 0.05 கூடுதலாகப் புதுக் கைடைக் கடையலாம். வார்ப்பிரும்பும் சரி, பாஸ்பர் பிரான்ஸும் சரி. பிரான்ஸ் என்றால் வால்வுத் தண்டுக்குக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி விடுங்கள், அது சூட்டில் அதிகம் பெருக்கும். எக்ஸாஸ்ட் பக்கம் இன்லெட்டைவிட எப்போதும் தளர்வாக இருக்க வேண்டும்.

வரிசை முக்கியம்: கைடு, ரீமிங், அதற்குப் பிறகே சீட் (வால்வு உட்காரும் வளையம்). சீட் வெட்டும் கருவி கைடில் நுழைந்த வழிகாட்டித் தண்டைப் பிடித்துத்தான் சுற்றுகிறது. பழைய கைடில் சீட்டை வெட்டிவிட்டுப் புதுக் கைடு போட்டால் இரண்டின் மையமும் வேறாகும், வால்வு ஒரு பக்கம் மட்டும் உட்காரும். சீட்டின் சாய்வு 45 டிகிரி; அகலம் இன்லெட்டில் ஒரு மி.மீ.-க்குச் சற்று மேல், எக்ஸாஸ்டில் ஒன்றரை. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைச் சீட் வழியாகத்தான் இறக்கி வைக்கிறது, அதனால் அங்கே அகலம் வேண்டும். இந்தியாவில் 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அதற்கு முந்தைய வண்டியின் சீட் குழிந்துபோயிருந்தால், மாற்றும்போது கடினமான உலோகத்தில் போட்டுவிடுங்கள்.

பேஸ்ட் வைத்து வால்வைத் தேய்ப்பது இறுதிப் பூச்சுக்கு மட்டும். ஒரு மணி நேரம் தேய்த்துத்தான் கசிவு நிற்கிறது என்றால் சீட் சரியாக வெட்டப்படவில்லை. சோதனை எளிது: வால்வு, ஸ்பிரிங் எல்லாம் மாட்டி, போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். வால்வைச் சுற்றி ஈரம் தெரியக் கூடாது.

ஹெட் முகம் தட்டையா என்று பார்க்கத் தடித்த கண்ணாடிப் பலகையில் நீல மை தடவி வைத்துத் தேய்த்துப் பாருங்கள். 0.05-க்குள் என்றால் அதே கண்ணாடியில் 220 எமரித் தாளை ஒட்டி எட்டு வடிவத்தில் தேய்த்தே சரிசெய்யலாம். அதற்கு மேல் என்றால் மில்லிங்.

மரைகள்

பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் மரைகள் இருக்கும். கால் அங்குல சைக்கிள் மரைக்கும் கால் அங்குல பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு ஃபைன்) மரைக்கும் அங்குலத்துக்கு 26 புரிதான். ஆனால் முன்னதன் கோணம் 60 டிகிரி, பின்னதன் கோணம் 55. ஒன்றின் நட்டு இன்னொன்றில் ஏறும், இறுகுவது போலவும் தோன்றும், சூடாகி ஓடும்போது மரை கிழியும். மரை கேஜை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால்தான் கோணம் தெரியும். புது ஸ்டட் (இரு முனையிலும் மரை உள்ள கம்பி) கடைவதென்றால் கோணத்தையும் பட்டறையில் சொல்லுங்கள். மில்லிமீட்டர் லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் நீளத் திருகு) உள்ள லேத்தில் அங்குல மரை வெட்ட 127 பல் சக்கரம் வேண்டும். ஒரு அங்குலம் 25.4 மி.மீ. என்பதால் வருகிற எண் அது. அந்தச் சக்கரம் இல்லாத பட்டறையில் "கிட்டத்தட்ட வரும்" என்றால் வேறு பட்டறை பாருங்கள். ஸ்பார்க் பிளக் மரை போயிருந்தால் 14 மி.மீ. சுருள் செருகல் போட்டுக்கொள்ளலாம், பெரிய வேலை இல்லை.

கிராங்க்

இந்த எஞ்சினின் கிராங்க் இரண்டு ஃப்ளைவீல்களும் நடுவில் பின்னும் சேர்த்துக் கட்டியது. ராடின் கீழ்முனையான பிக் எண்டில் பழைய வண்டிகளில் மிதக்கும் புஷ் இருக்கும். பலர் அதை ரோலர் பேரிங்காக மாற்றிக்கொள்கிறார்கள். ராடை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடலாம், செங்குத்தாக ஆட்டம் தெரிந்தால் பிரிக்க வேண்டும். பிரித்துச் சேர்ப்பதை முதல்முறையிலேயே செய்யாதீர்கள். இரண்டு பக்கத் தண்டும் ஒரே கோட்டில் நிற்கும்படி ஈயச் சுத்தியலால் தட்டித் தட்டி டயல் கேஜைப் பார்த்துச் சரிசெய்கிற அந்த வேலைக்குக் கைப்பழக்கம் வேண்டும். கொடுத்துச் செய்யுங்கள், ஆனால் வாங்கும்போது சென்டரில் மாட்டிச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். தண்டில் டயல் ஆட்டம் 0.05-ஐத் தாண்டினால் வாங்காதீர்கள். நல்ல கைகாரர் 0.02-க்குக் கொண்டுவருவார்.

வால்வுகளை இயக்குகிற கேமும் டேப்பெட்டும் மேற்பரப்பு கடினப்படுத்தியவை. லேத்தில் வைக்க வேண்டாம். தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், அல்லது கிரைண்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். கிராங்க்கேஸில் பேரிங் தளர்ந்திருந்தால், சுற்றிலும் பஞ்சால் புள்ளி குத்தி இறுக்குகிற பழைய பட்டறை வைத்தியத்தை அனுமதிக்காதீர்கள். லேசான தளர்ச்சிக்குப் பேரிங் பிடிக்கும் பசை போதும், அதிகமென்றால் ஸ்லீவ் போட வேண்டும்.

கழுவி மாட்டுவது

ஹோனிங் செய்த பிளாக்கைப் பெட்ரோலில் கழுவினால் மணல் துகள் போகாது, கோடுகளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். சுடுதண்ணீரும் சோப்புத்தூளும் பிரஷும் போட்டுத் தேய்த்து, உடனே துடைத்து, ஆயில் தடவிய வெள்ளைத் துணியால் உள்ளே துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் தெரிந்தால் திரும்பக் கழுவுங்கள். துணி வெள்ளையாக வந்ததும் ஆயில் பூசிவிடுங்கள், நம் ஊர்க் கடற்கரைக் காற்றில் அரைமணி நேரத்தில் துரு பிடிக்கும்.

ஆயில் துளைகள் அத்தனையிலும் காற்றடித்துப் பாருங்கள். பம்பை மாட்டும்முன் ஆயில் ஊற்றி நிரப்புங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஹெட்டுக்குப் போகிற பைப்பில் ஆயில் வருகிறவரை கிக்கரைக் கையால் அழுத்திச் சுற்றுங்கள். அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

டேப்பெட் அளவை எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, இரண்டு வால்வும் மூடியிருக்கிற கம்ப்ரஷன் மேல்புள்ளியில் வையுங்கள். புஷ்ராடு விரலால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. சீட் புதிதாக வெட்டியிருப்பதால் முதல் சில நூறு கிலோமீட்டரில் வால்வு இன்னும் கொஞ்சம் உள்ளே உட்காரும், இடைவெளி குறையும். 200 கிலோமீட்டரில் திரும்பப் பாருங்கள். ஹெட் நட்டுகளையும் அப்போதே, எஞ்சின் ஆறிய பிறகு, ஒருமுறை இறுக்கிவிடுங்கள். முதல் ஆயிலை அதே சமயத்தில் வடித்து, ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிக் காந்தம் விட்டுப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பசை ஒட்டினால் அது ரிங் படிகிற தூள். கண்ணுக்குத் தெரிகிற செதில்கள் ஒட்டினால் வண்டியை ஓட்டாதீர்கள், டைமிங் மூடியைத் திறந்து பார்க்கத் தொடங்குங்கள்.